ஜீப்பும் டீசலும்: ஒரு மலையடிவாரக் கணக்கு



பெட்ரோல் ஜீப்பில் டீசல் என்ஜின் ஏறிய கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். இதற்கெல்லாம் ஒரு சொற்பொழிவா என்று வாசலில் ஒருவர் கேட்டார். ஏன் கூடாது? கோயில் தேரைப் பற்றிப் பேசுகிறோம், கப்பலைப் பற்றிப் பேசுகிறோம். அம்பூரிக்கும் வெள்ளறடைக்கும் கோட்டூருக்கும் ரேஷன் அரிசியையும் ரப்பர் ஷீட்டையும் மரச்சீனிக்கிழங்கையும் பிரசவ வலியெடுத்த பெண்களையும் சுமந்த வண்டியைப் பற்றி ஒரு மாலை பேசினால் என்ன குறைந்துவிடும்?

மக்களே, முதலில் கேரள-தமிழக எல்லையோரம் நாம் இருக்கும் இந்தக் காட்டாக்கடைப் பக்கத்தைப் பாருங்கள். மேற்கே சமவெளி, தேசிய நெடுஞ்சாலை, பஸ். கிழக்கே கள்ளிக்காடு தாண்டினால் நெய்யாறு அணை. குற்றிச்சல் தாண்டினால் கோட்டூர், அதற்கப்பால் காணிக்காரர்களின் குடியிருப்புகள், எல்லாவற்றுக்கும் மேலே அகத்தியர் மலை. பஸ் நின்றுவிடும் இடத்தில்தான் ஜீப்பின் வேலை தொடங்கியது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாகர்கோவில் வண்டிக்கு நம்பர் டி.என்.74. காட்டாக்கடை வண்டிக்கு கே.எல்.74. 1956 நவம்பர் முதல் தேதி மாநில எல்லை நம்மைப் பிரித்தது. நம்பர் பிளேட்டில் எப்படியோ சேர்ந்துவிட்டோம். எல்லைக்கு இந்தப் பக்கம் பழுதான ஜீப்புக்கு அந்தப் பக்கத்து லேத்தில் ஷாப்ட் கடைவார்கள். அந்தப் பக்கத்து வண்டிக்கு இந்தப் பக்கத்தில் பம்ப் சரிசெய்வார்கள். இரும்புக்கு மொழி வாரியான மாநிலம் கிடையாது.

சரி, ஜீப்பு எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945-ல் தொடங்கிய மகிந்திரா நிறுவனம், அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை இங்கே கொண்டுவந்து பூட்ட ஆரம்பித்தது. பின்னால் இங்கேயே செய்தது. சி.ஜே.3பி என்பது அந்த மாடலின் பெயர். உயர்ந்த பானெட், உருண்டைக் கண் விளக்கு, நிமிர்ந்த கண்ணாடி. அதற்குள் இருந்தது ஹரிகேன் என்ற பெட்ரோல் என்ஜின். நான்கு சிலிண்டர், 2,199 சி.சி., அமெரிக்கக் கணக்கில் 75 குதிரைச் சக்தி. உள்ளே இழுக்கும் வால்வு தலையில் இருக்கும், வெளியே தள்ளும் வால்வு பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். விசித்திரமான அமைப்பு, ஆனால் உறுதியான என்ஜின். அதன் சத்தத்தை அறிந்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள்.

அந்த என்ஜினிடம் ஒரே குறைதான். குடிக்கும். கொஞ்சமாகக் குடிக்காது. அதிலும் லோ கியர் போட்டு மலை ஏறும்போது தாராளமாகக் குடிக்கும்.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. உலகம் முழுக்க விலை பாய்ந்தது. இந்தியாவிலும் பெட்ரோல் விலை ஏறியது. டீசலை அரசாங்கம் கையில் பிடித்துக்கொண்டது. ஏன்? லாரியும் பஸ்ஸும் பம்ப்செட்டும் அதில் ஓடின. டீசல் ஏறினால் அரிசி விலை ஏறும். பெட்ரோல் பணக்காரன் கார் குடிக்கும் சரக்கு, அவன் கொடுக்கட்டும் என்பது அன்றைய நியாயம். ஆனால் பணக்காரன் கார் குடித்த அதே பெட்ரோலைத்தான் அம்பூரிக்குப் பத்துப் பேரை ஏற்றிப்போன ஜீப்பும் குடித்தது! இந்த ஓட்டையில்தான் நம்முடைய கதை பிறந்தது.

கம்பெனியே முதலில் விழித்துக்கொண்டது. மகிந்திரா 1963-ல் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் கூட்டுச் சேர்ந்து டிராக்டர் செய்யத் தொடங்கியிருந்தது. வயலில் உழுத அந்த பி-275 டிராக்டரின் டீசல் என்ஜின் குடும்பம், பிறகு ஜீப்பின் பானெட்டுக்குள்ளும் வந்தது. அதன்பின் பிரான்சின் பியூஜோ நிறுவனத்தின் 2,112 சி.சி. டீசல் வந்தது. அதைப் போட்ட எம்.எம்.540 ஜீப்பை மலையோரத்தில் பார்க்காதவர் யார்? அமெரிக்காவில்கூட ஜீப் கம்பெனி 1960-களில் பெர்க்கின்ஸ் டீசலைப் போட்டு விற்றதுண்டு. எனவே ஜீப்புக்கு டீசல் என்பது நம்மூர் மெக்கானிக்கின் கிறுக்கு அல்ல.

ஆனால் புது டீசல் ஜீப் வாங்க எல்லாரிடமும் காசு ஏது? கையில் இருந்தது பழைய பெட்ரோல் ஜீப். ராணுவமும் அரசு இலாகாக்களும் ஏலத்தில் விட்டவையும் பெட்ரோல் ஜீப்புகளே. ஜபல்பூர் ராணுவ வண்டித் தொழிற்சாலை 1969 முதல் 1999 வரை செய்த ஜோங்கா இன்னொன்று. நிசான் பட்ரோலின் வடிவம், ஆறு சிலிண்டர், நாலு லிட்டர் பெட்ரோல் என்ஜின். ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும். வீட்டுக்கு ஓட்டிவருவதற்குள் பெட்ரோல் செலவு கண்ணைக் கட்டும். இந்த வண்டிகளைத்தான் நம்முடைய ஆட்கள் வர்க்‌ஷாப்புக்குள் தள்ளினார்கள். மாட்டடோர் வேனில் வந்த மெர்சிடிஸ் வழி 2.4 லிட்டர் என்ஜின், விபத்தில் நசுங்கிய புது ஜீப்பிலிருந்து கழற்றிய பியூஜோ என்ஜின், இப்படி எது கிடைக்கிறதோ அது ஏறியது.

இப்போது என்னோடு கொஞ்சம் வர்க்‌ஷாப்புக்குள் வாருங்கள். அயனி மரக் கிளையில் செயின் பிளாக் கட்டியிருக்கிறது. பானெட்டும் ரேடியேட்டரும் கழற்றி ஓரமாகச் சாத்தியிருக்கிறது. சங்கிலியில் டீசல் என்ஜின் தொங்குகிறது. பார்க்க எளிதாக இருக்கும். பழையதை எடு, புதியதை இறக்கு, நாலு போல்ட் போடு. அவ்வளவுதானா?

இல்லவே இல்லை! முதல் சிக்கல், என்ஜினின் முதுகும் கியர் பாக்ஸின் முகமும் பொருந்தாது. ஓட்டைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும். இடையில் கனத்த இரும்புத் தகடு ஒன்று வெட்டி, ஒரு பக்கம் என்ஜினுக்கும் மறுபக்கம் கியர் பாக்ஸின் பெல் ஹவுசிங்குக்கும் ஓட்டை போட வேண்டும். அடாப்டர் பிளேட் என்பார்கள். மாற்றத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. கியர் பாக்ஸிலிருந்து நீளும் கிளச் ஷாப்டின் நுனி, பிளைவீலின் நடுவில் இருக்கும் சின்ன பேரிங்கில் போய் உட்கார வேண்டும். இரண்டு மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் கால்வாசி பிசகினாலும் போதும், முதல் நாள் ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்துக் கிளச் மிதிக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம் வரும். பிறகு கியர் தானாக வெளியே குதிக்கும். கடைசியில் பேரிங் பொடியாகும். நல்ல ஆசான் பிளைவீலில் டயல் கேஜை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். கேஜின் முள் அசையாமல் நிற்கும்வரை சாப்பிடப் போகமாட்டார். மோசமான ஆள் கண்ணாலேயே பார்த்து, "சரியாத்தான் இருக்கு" என்று போல்டை முறுக்குவார். இருவரும் ஒரே கூலிதான் கேட்பார்கள் என்பது நம்முடைய துரதிர்ஷ்டம்.

இரண்டாவது சிக்கல் நாலு வீல் வண்டிக்கே உரியது. காரில் என்ஜினுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஜீப்பில் முன் ஆக்சில் இருக்கிறது. பாறையில் ஏறி ஸ்பிரிங் மடங்கும்போது அந்த ஆக்சில் மேலே வரும். புது என்ஜினின் ஆயில் சம்ப் தாழ்ந்து நின்றால் டிபரன்ஷியல் குடம் அதில் இடிக்கும். என்ஜினை உயர்த்தினால் பானெட் மூடாது. பின்னால் தள்ளினால் டிரைவரின் கால்மாட்டுத் தகட்டை வெட்ட வேண்டும். முன்னால் இழுத்தால் பேன் ரேடியேட்டரில் உரசும். சம்பை வெட்டி, பின்பக்கம் பள்ளம் வைத்து, வெல்டிங் அடித்து, ஆயில் கசிகிறதா என்று ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்பவர்களே இந்த வேலை தெரிந்தவர்கள்.

பெட்ரோல் வண்டியிலிருந்து வந்தவனுக்கு வேறு அதிசயங்களும் காத்திருந்தன. சாவியைத் திருப்பினான், வண்டி நிற்கவில்லை! டீசலில் பற்றவைக்கும் பொறி கிடையாதே; அழுத்திய காற்று ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாகி, அதில் பீய்ச்சிய டீசல் தானே பற்றுகிறது. பம்பில் எண்ணெயை அடைத்தால்தான் அடங்கும். அதற்கு ஸ்டாப் கேபிள் என்று ஒன்றை டாஷ்போர்டில் வைத்து இழுக்க வேண்டும். பெட்ரோல் டாங்கிலிருந்து போகும் குழாய் ஒன்றே போதும். டீசலுக்கு மிச்சம் திரும்பிவர இன்னொரு குழாய் வேண்டும். டாங்க் காலியாகி வழியில் நின்றால் பெட்ரோல் வண்டிக்கு ஒரு பாட்டில் ஊற்றினால் போதும். டீசலில் காற்று புகுந்துவிடும். பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி அழுத்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வழியும்வரை காத்திருந்து, வழியும்போதே திருகை இறுக்க வேண்டும். பிரேக்குக்கு வாக்குவம் பூஸ்டர் வைத்திருந்தால் அதுவும் வேலை செய்யாது. பெட்ரோல் என்ஜின் கார்புரேட்டர் அடைப்பினால் வெற்றிடம் தரும், டீசல் தராது. தனி வாக்குவம் பம்ப் வேண்டும். இதை மறந்து இறக்கத்தில் போனவர்கள் உண்டு.

ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். வில்லிஸ் ஜீப்பின் பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். பெட்ரோல் ஆவி எந்தக் குளிரிலும் பற்றும். டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது. எத்தனையோ டிரைவர்கள் அந்த டாங்கின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்திருக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை.

டீசல் என்றால் இழுவை. இதைக் கேட்காத ஜீப் ஸ்டாண்ட் உண்டா? ஆனால் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது? ஹரிகேன் பெட்ரோல் என்ஜினின் முறுக்கு விசை நிமிடத்துக்கு 2,000 சுற்றில் சுமார் 15.7 கிலோகிராம்-மீட்டர். பியூஜோ டீசலுக்கு அதே 2,000 சுற்றில் 12.3. பெட்ரோல்தான் கூடுதல்! அப்படியானால் நம்முடைய டிரைவர்மார் பொய் சொன்னார்களா? இல்லை. டீசல் பம்பில் கவர்னர் என்று ஒன்று இருக்கிறது. ஏற்றத்தில் சுமை கூடி சுற்று குறையும்போது, டிரைவர் காலை அசைக்காமலே அது எண்ணெயைக் கூட்டிக் கொடுக்கும். என்ஜின் முனகும், நிற்காது. காளையைத் தட்டாமலே அது மேட்டில் தோளைக் கொடுப்பதுபோல. அந்த உணர்வைத்தான் இழுவை என்றார்கள். உணர்வு உண்மை, காரணம் வேறு.

கியர் கணக்கையும் பார்த்துவிடுவோம். பழைய ஜீப்பின் கிரவுன்-பினியன் விகிதம் 5.38. டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் ஓடும். பெட்ரோல் என்ஜின் 4,000 சுற்று சுற்றும். டாப் கியரில் கணக்குப் போட்டால் மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். 2,000 சுற்றுக்கு மேல் போகப் பிடிக்காத டிராக்டர் வகை என்ஜினை அதே வண்டியில் ஏற்றினால்? ஐம்பதைத் தொடாது! நெய்யாற்றின்கரை ரோட்டில் சைக்கிளுக்குப் பின்னால் போக வேண்டியதுதான். அப்போது கிரவுன்-பினியனையும் மாற்ற வேண்டும். முன் ஆக்சில், பின் ஆக்சில், இரண்டிலும் ஒரே விகிதம் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி நாலு வீல் போட்டால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு டிரான்ஸ்பர் கேஸ் உடையும்.

இத்தனை சிரமத்துக்கு யார் போவார்கள்? ஏன் போனார்கள்? இங்கேதான் மக்களே, நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அவர்கள் டீசல் மேல் கொண்ட ஆசையால் மாற்றவில்லை. கணக்குப் போட்டு மாற்றினார்கள்.

2012 மே மாதம். டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73.18 ரூபாய், டீசல் 40.91. பெட்ரோல் ஜீப் லிட்டருக்கு 8 கிலோமீட்டரும் டீசல் ஜீப் 12 கிலோமீட்டரும் தருவதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 9 ரூபாய்க்கு மேல். டீசலில் மூன்றரை ரூபாய்கூட இல்லை. நூறு ரூபாய் செலவு முப்பத்தேழு ரூபாயாக இறங்குகிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்குச் சுமார் 57,000 ரூபாய் மிச்சம். தினமும் சவாரி அடிக்கும் ஜீப்புக்கு மாற்றுச் செலவு ஒன்றிரண்டு ஆண்டிலேயே கைக்கு வந்துவிடும். அந்தக் கணக்கில் தப்பு சொல்ல யாரால் முடியும்?

பிறகு என்ன நடந்தது? பெட்ரோல் விலையை 2010-லேயே சந்தைக்கு விட்டுவிட்டார்கள். 2013 ஜனவரி முதல் டீசலை மாதம் ஐம்பது ஐம்பது பைசாவாக ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் டீசலையும் அவிழ்த்துவிட்டார்கள். 2020 ஜூன் மாதம் டெல்லியில் டீசல் பெட்ரோலைத் தாண்டியே விட்டது! 2024-ல் திருவனந்தபுரத்தில் பெட்ரோல் 107 ரூபாயை ஒட்டியும் டீசல் 96 ரூபாயை ஒட்டியும் நின்றன. அதே 8-ம் அதே 12-ம் வைத்துப் பாருங்கள். நூறு ரூபாய் செலவு அறுபதாகத்தான் இறங்கும். மிச்சமாவதில் பெரும்பங்கு டீசல் என்ஜினின் சிக்கனத்தால் வருவது, விலையால் வருவது அல்ல.

"அறுபதானாலும் லாபம்தானே?" என்று ஒரு தம்பி கேட்கலாம். லாபம்தான், வண்டி ஓடினால்! இன்று மாருதி ஜிப்ஸியில் டீசல் ஏற்ற ஆசைப்படும் தம்பி அதை எத்தனை தூரம் ஓட்டுகிறார்? ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறக்கி ஏற்றி, போட்டோ எடுத்து, கழுவி நிறுத்துகிறார். ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் என்று வைத்தால் மிச்சம் பதினோராயிரம் ரூபாய்கூட வராது. மாற்றுச் செலவோ லட்சத்தைத் தொடும். பழைய ஹரிகேனைவிட ஜிப்ஸியின் 1,298 சி.சி. பெட்ரோல் என்ஜின் சிக்கனம் வேறு. அப்பா செய்த காரியத்தை மகன் செய்கிறான். அப்பா போட்ட கணக்கை மட்டும் அவன் போடவில்லை.

அன்றைய என்ஜினுக்கும் இன்றைய என்ஜினுக்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டு. பழைய டீசலுக்கு ஒரு பம்ப், நாலு நாசில், முடிந்தது. இன்றைய காமன் ரெயில் என்ஜினுக்கு கம்ப்யூட்டர் பெட்டி, பத்திருபது சென்சார், சாவியை அடையாளம் காணும் பூட்டு. என்ஜின் கிடைத்து வயரிங் கிடைக்காவிட்டால் அது இரும்பு. அமெரிக்காவில் கம்மின்ஸ் நிறுவனம் 2017-ல் 2.8 லிட்டர் டீசலை, கம்ப்யூட்டரும் வயரிங்குமாகச் சேர்த்து, பழைய ஜீப் போன்ற வண்டிகளில் போட என்றே பெட்டியில் அடைத்து விற்றது. நமக்கு அந்தப் பெட்டி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. ஆரம்பத்தில் அனுமதி வாங்கி மாற்றலாம் என்ற வழி அகலமாக இருந்தது. 2000-ல் திருத்தி இறுக்கினார்கள். கம்பெனி சொன்ன அசல் விவரத்துக்கு மாறாக, ஆர்.சி. விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்றார்கள். இதில் கேரள உயர் நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நாடு முழுக்கப் பேசப்பட்ட அந்தத் தீர்ப்பு நம்முடைய கேரளத்து வழக்கில் பிறந்தது! அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். எரிபொருள் மாற்றத்துக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு, விதிப்படியான மாற்றுக் கருவித்தொகுப்பு கொண்டு மாற்றலாம். பழைய மார்க்கெட்டில் எடை போட்டு வாங்கிய டீசல் என்ஜின் அந்தக் கதவு வழியாக நுழையாது.

இந்தச் சட்டம் நியாயமா? பாதி நியாயம் என்பேன். டயல் கேஜ் வைத்து வேலை செய்யும் ஆசானையும், கண்ணால் பார்த்துப் போல்ட் முறுக்குபவனையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. நல்ல வேலையைச் சோதித்துச் சான்று கொடுக்க ஒரு வழி இருந்திருக்கலாம். ஆனால் பிரேக் பூஸ்டரை மறந்த வண்டி இறக்கத்தில் வந்தால் எதிரே வருபவன் நானோ நீங்களோதான்.

டீசலிலிருந்து கம்பெனிகளும் திரும்பி நடக்கின்றன. 2010-ல் வந்த மகிந்திராவின் முதல் தார் ஜீப் டீசல் மட்டும். 2020-ல் வந்த புதுத் தாரில் பெட்ரோலும் உண்டு. 2023-ல் வந்த மாருதி ஜிம்னி பெட்ரோல் மட்டும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலையே விட்டுவிட்டது.

எனவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள், விலை பேசும் முன் பானெட்டைத் திறந்து என்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புத்தகத்தில் பெட்ரோல் என்றும் பானெட்டுக்குள் டீசல் என்றும் இருந்தால், விபத்து நடக்கிற அன்று இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் முதலில் கேட்கும். புதிதாக மாற்ற ஆசைப்படுகிறவர்கள் வர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் ஆர்.டி. ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள். இன்னொன்று, உங்கள் அப்பா கழற்றிப் போட்ட ஹரிகேன் என்ஜின் ரப்பர் புகைப்புரையின் மூலையில் கிடந்தால் அதை ஆக்கர்க்காரனிடம் எடைக்குப் போடாதீர்கள். அசல் என்ஜின் தேடி அலைபவர்கள் இப்போது இருக்கிறார்கள்.